கோடை தொடங்கும் வாரங்களில் ஹோம்ஸ்கூலிங்: எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது

கோடை பிறந்ததும் ஹோம்ஸ்கூலிங் (பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது) நடக்கும் வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. சில வீடுகளில் புத்தகங்கள் எல்லாம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து இறக்கும்போது, நன்றாகத் தெரிந்த கணக்கிலேயே பிள்ளை திணறும். வேறு சில வீடுகளில் ஆண்டு முழுக்க ஓடிய டைம்டேபிளே கோடையிலும் இழுபடும். பதினோரு மணி வெக்கையில் இலக்கணம் எழுத உட்கார்ந்தால் பிள்ளைக்கும் எரிச்சல், சொல்லிக்கொடுப்பவருக்கும் எரிச்சல்.

எளிதில் மறந்துபோகும் சில திறன்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் காலையில் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு, மிச்சப் பொழுதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். இந்தப் பழக்கம் முதல் மூன்று வாரத்தில் ஊன்றிவிட்டால் கோடை முழுக்கத் தானாக ஓடும். அந்த மூன்று வாரத்துக்கானவைதான் கீழே வருபவை.

பழைய ஆண்டை முதலில் மூடுங்கள்

பாடம் நின்ற முதல் மூன்று நான்கு நாட்களுக்குள் இதைச் செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் எந்தத் தாள் எப்போது எழுதியது, எந்தப் புத்தகம் பாதியில் நின்றது என்பதெல்லாம் நினைவில் இருக்காது.

ஒரு பிள்ளைக்கு ஒரு ஃபைல் போதும். பாடத்துக்கு மூன்று மாதிரிகளை எடுங்கள்: ஆண்டுத் தொடக்கத்தில் எழுதியது, நடுவில் எழுதியது, கடைசியில் எழுதியது. மூன்றும் ஒரே வகை வேலையாக இருக்கட்டும். தொடக்கத்தில் ஒரு கதை, கடைசியில் ஒரு கடிதம் என்று எடுத்தால் ஒப்பிட முடியாது. தாளின் பின்பக்கம் பென்சிலால் தேதி போடுங்கள். அழகாக எழுதிய நல்ல பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு கிறுக்கலை எறிந்துவிடுவதுதான் இங்கே பலர் செய்யும் தவறு. அடித்தல் திருத்தலோடு இருக்கும் தாளில்தான் பிள்ளை எங்கே யோசித்தது, எங்கே திரும்பி வந்தது என்பது தெரியும். தப்பாகப் போட்டுத் தானே திருத்திய கணக்கு ஒன்றாவது ஃபைலில் இருக்க வேண்டும்.

களிமண் பொம்மை, அட்டை வீடு போன்றவற்றைப் போட்டோ எடுத்துவிட்டுப் பொருளை விட்டுவிடலாம். ஜன்னலருகே பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பிள்ளை கையில் பிடித்திருக்க எடுங்கள். அப்போதுதான் பொருளின் அளவு தெரியும். போட்டோவின் பெயரை ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்கினால் கம்ப்யூட்டரே கால வரிசையில் அடுக்கிக் கொடுத்துவிடும். நுழைவுச்சீட்டு, ரசீது போன்றவை பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாள்கள். கோடை வெப்பத்திலேயே எழுத்து மங்கிப்போகும் என்பதால் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் உறை வாங்கினால் பாலிப்ரொப்பிலீன் என்று போட்டிருப்பதாகப் பாருங்கள். பிவிசி உறை சூட்டில் இளகி, ஜெராக்ஸ் எழுத்தைத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டப்படி வருகைப் பதிவு, பாடப் பட்டியல், மதிப்பீடு என்று ஏதாவது தர வேண்டியிருந்தால் அதன் கடைசித் தேதியை இப்போதே பார்த்து வையுங்கள். விடுமுறைக் காலத்தில் கடிதங்களுக்குப் பதில் வரத் தாமதமாகும்.

இதெல்லாம் முடிந்ததும் பாடத்துக்கு ஒரு சிறு அட்டை எழுதுங்கள். அதில் நான்கே வரிகள்: எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம், எது சுலபமாக வந்தது, எதில் தடுமாற்றம், அடுத்து எது. உதாரணமாக: "பக்கம் 142. பின்னம் கூட்டல் நன்றாக வருகிறது. பகுதி எண் வேறாக இருந்தால் மறந்துவிடுகிறாள். அடுத்து: பின்னம் கழித்தல்." இரண்டு மாதம் கழித்து இந்த அட்டைதான் உங்களைக் காப்பாற்றும். அது இல்லாவிட்டால் நினைவை நம்பி, ஒன்று அதிகம் பின்னால் போய்த் தொடங்குவீர்கள், அல்லது அதிகம் முன்னால்.

கணக்குப் புத்தகத்தில் கடைசிப் பத்துப் பதினைந்து பக்கம் மிச்சமிருக்கிறதே என்று கோடையில் துரத்த வேண்டாம். பெரும்பாலான பாடத்திட்டங்களில் அடுத்த வகுப்பின் முதல் சில பாடங்கள் மீள்பார்வைதான். மிச்சம் நின்றது அங்கே மறுபடி வருகிறதா என்று பொருளடக்கத்தைப் பார்த்துவிட்டு, வந்தால் நிம்மதியாக விட்டுவிடுங்கள்.

எது மறக்கும்

கற்றது எல்லாம் ஒரே வேகத்தில் மறப்பதில்லை. ஜெர்மனியின் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்விலேயே, மறதி முதல் சில நாட்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று காட்டினார். கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு மறக்கிறார்கள் என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளை 1996இல் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்கு இழப்பு தெரிந்தது. வாசிப்பைவிடக் கணக்கில் இழப்பு அதிகம். அதிலும் எண் கணக்கு போடுவதும் எழுத்துப்பிழையின்றி எழுதுவதும்தான் முதலில் நழுவின.

கதை, வரலாறு, அறிவியல் கருத்துகள் எல்லாம் பேச்சிலும் விளையாட்டிலும் வாசிப்பிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. நெடு வகுத்தல் தானாக அன்றாடத்தில் வராது. எனவே கோடைப் பாடம் என்றால் கணக்கு, எழுத்து, வாசிப்பு மூன்றே மூன்று. அறிவியல் நோட்டு, வரலாற்றுக் கேள்வி பதில் எதுவும் வேண்டாம்.

நேரக் கணக்கு: 5 முதல் 7 வயதுக்கு மேசையில் 15 முதல் 20 நிமிடம், 8 முதல் 11 வயதுக்கு 40 நிமிடம், 12 வயதுக்கு மேல் ஒரு மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள். வாரத்தில் இரண்டு நாள் இரண்டிரண்டு மணி நேரம் என்று சேர்த்து வைப்பது பலன் தராது. இடைவெளி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப நினைவுபடுத்துவதுதான் நினைவில் நிற்கும்.

வாய்ப்பாட்டுக்கு அட்டைகள் நல்ல வழி. 1 முதல் 10 வரையான வாய்ப்பாடு 100 வரிகள் போலத் தெரிந்தாலும் 3×7, 7×3 இரண்டும் ஒன்றுதான் என்று கழித்தால் 55. அதிலும் 1, 2, 5, 10ஆம் வாய்ப்பாடுகள் பிள்ளைகளுக்கு அநேகமாகத் தெரிந்திருக்கும். மிச்சம் 21 மட்டுமே. இந்த 21ஐ அட்டைகளில் எழுதுங்கள். முன்பக்கம் 7×8, பின்பக்கம் 56.

மூன்று டப்பா எடுங்கள். முதல் டப்பா தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும்; தப்பினால் எந்த டப்பாவில் இருந்தாலும் முதல் டப்பாவுக்குத் திரும்பும். 1970களில் ஜெர்மன் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறையின் சுருக்கம் இது. மூன்று நொடிக்குள் விடை வர வேண்டும். விரல் விட்டு எண்ணி வந்த சரியான விடையும் முதல் டப்பாவிலேயே இருக்கட்டும். ஆனால் அதைத் தப்பு என்று சொல்ல வேண்டாம், "இன்னும் கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும்" என்றால் போதும். தொடக்கத்திலேயே 21ஐயும் கொட்டிவிட்டால் பிள்ளை இரண்டாம் நாளே வெறுத்துவிடும். நன்றாகத் தெரிந்த ஏழு, தெரியாத மூன்று என்று தொடங்கி, ஒன்று மேலேறியதும் புதிதாக ஒன்றைச் சேருங்கள்.

அட்டை முடிந்ததும் ஐந்து கணக்கு. ஒரே வகைக் கணக்கு முப்பது போட்டால் மூன்றாவதிலேயே கை பழகிவிடும், மூளை வேலை செய்யாது. ஐந்தும் ஐந்து வகையாக இருக்கட்டும்: ஒரு கழித்தல், ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், ஒரு பின்னம், ஒரு வாக்கியக் கணக்கு. எந்த வழியைப் பயன்படுத்துவது என்பதையும் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டி வரும், அதுதான் பயிற்சி.

விடையில் 'தப்பு' என்று மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எப்படித் தப்பியது என்று பாருங்கள். 503 − 267 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். விடை 236. ஒரு பிள்ளை 364 என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: 7இலிருந்து 3, 6இலிருந்து 0, 5இலிருந்து 2. கடன் வாங்குவது என்றால் என்ன என்பதே அதற்கு நழுவிவிட்டது. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை மேசையில் வைத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு மூன்று நாள் ஆகும். இன்னொரு பிள்ளை 246 என்று எழுதியிருந்தால் அதற்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் இருக்கும் 0 பத்தாகி, அதிலிருந்து ஒன்று ஒன்றின் இடத்துக்குப் போனதும் 9 ஆக வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டது. அதற்குக் குச்சி தேவையில்லை. "503 என்பது 50 பத்தும் 3 ஒன்றும். ஒரு பத்தைக் கொடுத்தால் 49 பத்தும் 13 ஒன்றும்" என்று ஒருமுறை எழுதிக் காட்டினால் சரியாகிவிடும். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பக்கம் கழித்தல் கணக்கு கொடுப்பது இருவருக்குமே வீண்.

ஐந்து கணக்குக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆனால் எண்களைச் சிறிதாக்குங்கள், வகைகளைக் குறைக்காதீர்கள்.

எழுத்துக்கு, தினமும் இரண்டு வாக்கியம் சொல்லி எழுதவைப்பது போதும். ல, ள, ழ, ண, ன, ந, ர, ற இவை கலந்து வரும் வாக்கியமாகத் தேர்ந்தெடுங்கள்: "மழை விட்டதும் மலைப்பாதையில் ஆள் நடமாட்டம் குறைந்தது." பார்த்து எழுதுவதில் கண் வேலை செய்கிறது, கேட்டு எழுதும்போதுதான் நினைவு வேலை செய்யும். தப்பிய சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வதால் கை வலிப்பதைத் தவிரப் பயனில்லை. சரியாக ஒருமுறை எழுதட்டும், நாளை மறுநாள் அதே சொல் வேறு வாக்கியத்தில் வரட்டும்.

வெயிலைப் பார்த்து நேரம் வையுங்கள்

நாளில் காற்று மிகவும் குளிர்ந்திருப்பது சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டி. புற ஊதாக் கதிர் அதிகமாக இருப்பது சூரியன் உச்சிக்கு வரும்போது. ஆனால் காற்றின் சூடு உச்சத்துக்கு வருவது அதற்கும் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து. மூன்று மணிக்கு வெயில் சாய்ந்துவிட்டதே என்று பிள்ளைகளை ஓடி விளையாட அனுப்புவதில் ஏமாந்துவிடுவது இதனால்தான். வெயில் தணிந்திருக்கும், வெக்கை தணிந்திருக்காது.

எனவே வெளிவேலை முதலில், மேசை வேலை அடுத்து. எழுந்ததும் வெளியே ஒன்றரை மணி நேரம், பிறகு சாப்பாடு, எட்டரைக்கு மேசை, பத்து மணிக்குள் எல்லாம் முடிந்தது. மேசையை முதலில் வைத்தால் நாளின் நல்ல காற்றை நான்கு சுவருக்குள் செலவழித்துவிடுவீர்கள். மிதமான கோடை உள்ள இடங்களில் வரிசையை மாற்றலாம். ஆனால் பத்து மணிக்குள் முடிப்பதை அங்கேயும் விட வேண்டாம். பள்ளிக்குப் போகும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கோடையில் நாள் முழுக்க வீட்டில் இருப்பார்கள். அவர்கள் கூப்பிடும்போது உங்கள் பிள்ளை மேசையில் இருந்தால், அன்றைய பாடத்தின் பாதி ஜன்னல் வழியே போய்விடும்.

அறையைக் குளிர்ச்சியாக வைக்க, இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட்டு, காலையில் வெளிக்காற்று உள்ளதைவிடச் சூடாகத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். ஜன்னலுக்கு உள்ளே போடும் திரையைவிட வெளியே கட்டும் மறைப்பு அதிகம் உதவும், வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுக்கப்படுவதால். அறை வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மின்விசிறியை நம்பாதீர்கள். அப்போது அது உடலை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

வெளியே ஓடியாடும் 9 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மி.லி. தண்ணீர் வேண்டும். தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விட்டால் விளையாட்டில் மறந்துவிடுவார்கள். டைமர் வையுங்கள். தலைவலி, தலைசுற்றல், வாந்தி வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து உடலை நனைத்து விசிற வேண்டும். பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது அவசர நிலை. உடலைக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவ உதவிக்கு அழையுங்கள்.

தூக்கம்தான் கோடையில் முதலில் கெடுவது. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தேவை. படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுப்பது கடினம். எழுந்திருக்கும் நேரத்தைப் பிடியுங்கள். எந்த நாளும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நகர விடாதீர்கள். எழுந்ததும் வெளிச்சத்தில் நடந்தால் இரவுத் தூக்கம் தானாக நேரத்துக்கு வரும். காலைப் பாடம் நடக்கவில்லை என்று புலம்பும் பல வீடுகளில் உண்மையான சிக்கல் முந்தைய இரவில் இருக்கிறது.

மதியம் இரண்டு முதல் மூன்று வரை வீடு அமைதியாக இருக்கட்டும். ஆளுக்கு ஒரு மூலை. புத்தகம், ஓவியம், கேட்கும் கதை எதுவானாலும் சரி, திரை மட்டும் இல்லை. முதல் நாளே ஒரு மணி நேரம் கேட்டால் தோற்றுப்போவீர்கள். இருபது நிமிடத்தில் தொடங்கி இரண்டு நாளுக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் மூன்று வாரத்துக்குள் அறுபது நிமிடம் வந்துவிடும். இந்த ஒரு மணி நேரம் பெரியவர்களுக்கும் ஓய்வுதான். அதில் பாத்திரம் துலக்கப் போய்விடாதீர்கள்.

பல வயதுப் பிள்ளைகள் இருந்தால் மிகச் சிறியவருக்கு முதலில் பதினைந்து நிமிடம் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு அவர் நிம்மதியாக விளையாடப் போய்விடுவார். பெரியவரோடு தொடங்கினால் சிறியவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து நிற்பார். மூத்தவர் இளையவருக்குக் கதை வாசித்துக் காட்டலாம், பதினைந்து நிமிடம். கணக்கு சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை மூத்தவர் தலையில் வைக்க வேண்டாம். இருவருக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும்.

"போரடிக்குது"

முதல் வாரம் இது வரத்தான் செய்யும். ஆண்டு முழுக்க யாரோ அடுத்து என்ன என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று ஆறு மணி நேரம் கையில் கிடைத்திருக்கிறது. பயந்துபோய் வகுப்புகளில் சேர்த்துவிட்டால் சொந்தமாக எதையும் தொடங்கப் பழகும் வாய்ப்பு போய்விடும். அட்டைப் பெட்டி, கயிறு, ஒட்டும் டேப், கத்தரிக்கோல், பழைய போர்வை, களிமண், பூதக்கண்ணாடி போன்றவற்றில் நான்கைந்து பொருள்களைக் கண்ணில் படும் உயரத்தில் ஒரே தட்டில் வையுங்கள். இருபது பொருள் வைத்தால் எல்லாம் கலைந்து கிடக்கும், எதையும் தொட மாட்டார்கள். பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டை எடுத்து வேறு இரண்டை வையுங்கள். கூரை கட்டப் போர்வை எடுத்தால் மாலை வரை அது அப்படியே இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்காகக் கலைக்கச் சொன்னால் அடுத்த நாள் கட்ட மாட்டார்கள்.

இந்தக் கோடையில்தான் பள்ளியை விட்டு ஹோம்ஸ்கூலிங்குக்கு வந்திருக்கிறீர்கள் என்றால் மேலே சொன்ன மேசைப் பாடத்தையே தொடங்க வேண்டாம். பள்ளியில் இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதம் ஓய்வு என்பது ஹோம்ஸ்கூலிங் குடும்பங்களிடையே புழங்கும் ஒரு கணக்கு. அதை அப்படியே பின்பற்ற முடியாவிட்டாலும் முதல் சில வாரம் சேர்ந்து வாசிப்பது, வெளியே போவது, தூங்குவது இவை மட்டும் போதும். பணிப்புத்தகத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கும் பிள்ளையிடம் ஒரு பக்கமாவது போடச் சொல்லி வாங்குவதால் எதுவும் நிலைக்காது.

ஒரு நீண்ட வேலை: நிழல் குச்சி

கோடைக்கு ஒரே ஒரு நீண்ட வேலை எடுத்துக்கொள்வது நல்லது. எல்லா வயதினரும் ஒன்றாகச் செய்யக்கூடியது, செலவில்லாதது, தினமும் சில நிமிடமே கேட்பது என்று பார்த்தால் நிழல் குச்சியை மிஞ்ச எதுவுமில்லை. வானம் தெளிவாக இருக்கும் கோடைத் தொடக்கமே அதற்கு ஏற்ற காலம்.

காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை மரநிழலோ கட்டட நிழலோ விழாத சமமான மண்தரை வேண்டும். விரல் தடிமனான நேரான குச்சியை நட்டு, அதன் உச்சியில் 3 செ.மீ. களிமண் உருண்டை ஒன்றை வையுங்கள். தரையிலிருந்து உருண்டையின் நடு வரை சரியாக 100 செ.மீ. இருக்க வேண்டும். உருண்டை எதற்கு என்றால், சூரியன் புள்ளியல்ல, வானில் அரை டிகிரி அகலமான வட்டு. அதனால் வெறும் குச்சியின் நிழல் நுனி ஒன்றிரண்டு செ.மீ. மங்கலாகத்தான் விழும், எங்கே புள்ளி வைப்பது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். உருண்டையின் நிழலுக்கு நடுவில் புள்ளி வைப்பது சுலபம். குச்சி செங்குத்தாக இருக்கிறதா என்று நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, முன்னிருந்து ஒருமுறை, பக்கவாட்டிலிருந்து ஒருமுறை பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் சாய்வு தப்பிவிடும்.

மண்தரை இல்லாதவர்கள் ஒரு பலகையில் தாள் ஒட்டி 20 செ.மீ. பென்சிலை நட்டுச் செய்யலாம். நாள் முடியும் வரை பலகை நகரக் கூடாது. அதன் ஓரத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்துவிடுங்கள்.

காலை ஒன்பது மணி வாக்கில் உருண்டையின் நிழல் விழும் இடத்தில் ஒரு கல் வையுங்கள். குச்சியின் அடியில் நூலைத் தளர்வாகக் கட்டி, அந்தக் கல் வரை நீட்டி, அதே நீளத்தில் தரையில் வட்டம் போடுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் ஆக ஆக நிழல் வட்டத்துக்குள் சுருங்கும், உச்சிக்குப் பிறகு நீளும். மாலையில் அது மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தில் இரண்டாவது கல். இரண்டு கற்களையும் சேர்க்கும் கோடு கிழக்கு மேற்கு. காலையில் வைத்த கல் மேற்குப் பக்கம். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாகக் குச்சி வழியே போடும் கோடு வடக்கு தெற்கு. காந்த ஊசி காட்டும் வடக்கு இதிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கலாம். ஊசி காட்டுவது பூமியின் காந்த வடக்கை.

உச்சி நேரத்தில் மிகக் குட்டையான நிழலைத் தேடிப் பிடிப்பது பலர் சொல்லும் வழி. அப்போது நிழலின் நீளம் மிக மெதுவாக மாறுவதால் கால் மணி நேரம் வரை ஒரே நீளம் போலத் தெரியும், தவறு பெரிதாகும். வட்ட முறை துல்லியமானது, நடு வெயிலில் நிற்கவும் வேண்டாம். இதில் கெடுவது ஒன்றுதான்: மாலையில் சரியாக அந்த நேரத்தில் மேகம் வந்துவிடும். அதற்காக 9, 9.30, 10 மணிக்கு மூன்று வட்டம் போட்டு வையுங்கள், ஒன்றாவது கிடைக்கும்.

காலையில் 9.00, மாலையில் 3.40 என்றால் இரண்டுக்கும் நடுவேயான 12.20தான் அன்று சூரியன் உச்சிக்கு வந்த நேரம். கடிகாரம் ஏன் 12 காட்டவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். கடிகார நேரம் நேர மண்டலத்துக்கெல்லாம் பொது. தீர்க்கரேகை ஒரு டிகிரி மாறினால் சூரிய நேரம் 4 நிமிடம் மாறும். பூமியின் பாதை முழு வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் ஆண்டின் சில நாட்களில் 16 நிமிடம் வரை கூடுதலாக விலகும்.

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையில் வசிப்பவர்களுக்கு இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. ஆண்டில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று உச்சி வேளையில் குச்சிக்கு நிழலே இருக்காது. வடகோளத்தின் அந்தப் பகுதியில், இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட வாரங்களில் உச்சி நிழல் வழக்கத்துக்கு மாறாகத் தெற்கே விழும்.

வாரம் ஒரு நாள், கண்டுபிடித்த உச்சி நேரத்தில் நிழலின் நீளத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். ஆறு வயதுப் பிள்ளை அளவுநாடாவைப் பிடித்து எண்ணைப் படிக்கும். ஒன்பது வயதுப் பிள்ளை கட்டம் போட்ட தாளில் வரைபடம் போடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை விகிதத்துக்குப் போகலாம்: 100 செ.மீ. குச்சிக்கு 80 செ.மீ. நிழல் விழும் அதே நேரத்தில் ஒரு மரத்தின் நிழல் 6.4 மீட்டர் என்றால் மரம் 8 மீட்டர். பதினான்கு வயதுக்கு டான்ஜென்ட்: 100ஐ 80ஆல் வகுத்தால் 1.25, சூரியனின் உயரக் கோணம் 51 டிகிரி. சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது என்பதைத் தினமும் சொல்லுங்கள். இந்த வேலையில் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

நிழல் 100 செ.மீ.ஐவிடக் குறையும்போது சூரியன் 45 டிகிரிக்கு மேல் ஏறியிருக்கும். "என் நிழல் என்னைவிடக் குட்டையாகிவிட்டால் நான் மர நிழலுக்குப் போக வேண்டும்" என்பதைப் பிள்ளைகள் குச்சியிலிருந்தே கற்றுக்கொள்வார்கள். நீங்கள் கத்திக் கூப்பிட வேண்டியிருக்காது.

வாசிப்பு, திரை, விருந்தாளிகள்

தினமும் இருபது நிமிடம் சத்தமாக வாசித்துக் காட்டுவதைப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் நிறுத்தாதீர்கள். தானாக வாசிக்கும் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து சொல்லுக்கு மேல் புரியவில்லை என்றால் அதை நீங்கள் வாசித்துக் காட்டும் புத்தகமாக மாற்றிவிடுங்கள். பிடிக்காததைப் பாதியில் விட அனுமதி உண்டு.

திரைக்கு நிமிடக் கணக்கைவிடக் கடிகார நேரம் வைப்பது சுலபம். நான்கு மணிக்கு முன் இல்லை என்று வைத்துவிட்டால் நாள் முழுக்கப் பேரம் பேச வேண்டியதில்லை.

விருந்தாளிகள் வரும் நாள், பயணம், காய்ச்சல் இவற்றுக்கு ஒரு குறைந்தபட்ச நாளை முன்பே முடிவு செய்து வையுங்கள்: அட்டை ஐந்து நிமிடம், கதை பத்து நிமிடம். ஒன்றுமே செய்யாத நான்கு நாள் தொடர்ந்தால் ஐந்தாம் நாள் மறுபடி தொடங்குவது முதல் நாளைவிடக் கடினம்.

அடுத்த ஆண்டுக்கான பாடப் புத்தகங்களை இந்த மூன்று வாரத்தில் வாங்காதீர்கள். ஓர் ஆண்டின் களைப்போடு எடுக்கும் முடிவு, பெரும்பாலும் களைப்பு எதனால் வந்ததோ அதை மட்டும் சரிசெய்யப் பார்க்கும். நன்றாகப் போனதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடும். கோடை நடுவில், எங்கே நிறுத்தினோம் என்று பாடவாரியாக எழுதி வைத்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யலாம்.

மூன்றாம் வாரக் கடைசி நாள்

அன்றைய ஐந்து கணக்கைச் சற்றே மாற்றி, முதல் நாள் கொடுத்த அதே ஐந்து வகையைப் புதிய எண்களோடு கொடுங்கள். உதவி இல்லாமல் நான்கு சரியாக வந்தால் மேசை நாட்களை வாரத்துக்கு மூன்றாகக் குறைத்துவிடலாம்; அட்டைகளை மட்டும் ஐந்து நாளும் தொடருங்கள். மூன்றோ அதற்குக் கீழோ வந்தால் நாட்களைக் குறைக்க வேண்டாம். தப்பிய வகையில் அன்றாடம் இரண்டு, மற்ற வகைகளில் மூன்று என்று வைத்து இன்னும் இரண்டு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். விடைகளைவிடப் பத்து மணிக்கு முடிகிறதா என்பது முக்கியம். பதினொன்று, பன்னிரண்டு என்று இழுபட்டால் கணக்கைக் குறைக்கும் முன், பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்தது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.